கொல்லிமலை டவர்ல ரிப்பீட்டர் வெக்கலாமா வேண்டாமா: மூணு மாசம் அலைஞ்சு பாத்த கதை

கொல்லிமலையில செம்மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டவர் இருக்கு, 30 மீட்டர், மூணு கால், ஒரு காலத்துல கேபிள் டிவிக்காகப் போட்டது, இப்ப இன்டர்நெட் டிஷ் ஆறு தொங்குது. அதோட ஓனர் ஜனவரியில எங்ககிட்ட, "ஏனுங்க சார், உச்சியில சும்மாதான கெடக்குது, உங்க ரேடியோவக் கட்டிக்கோங்க, வாடகையெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க" அப்படின்னுட்டார். நாங்க நாமக்கல், சேந்தமங்கலம், துறையூர் பக்கம் இருக்குற ஒன்பது ஹாம் ஆளுங்க, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்கா ரேடியோவுல பேசுறவங்க, பாதிப் பேர் தொடக்க நிலை வியூ3 லைசென்ஸ், மீதி அடுத்த நிலை வியூ2, ரொம்ப நாளா 2 மீட்டர் பேண்ட்ல, அதாவது 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ஒரு ரிப்பீட்டர் போடணும்னு பேசிக்கிட்டே இருக்கோம், மலை மேல டவரே ஓசியில கெடைக்குதுன்னா வேற என்ன வேணும்னு அன்னைக்கு எல்லாருக்கும் ஒரே சந்தோசம்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி சொல்லிடுறேன். கையில வெச்சிருக்குற 5 வாட் ஹேண்டி தரையில நின்னு பேசினா சில கிலோமீட்டர் போறதே பெரிசு. அதையே மலை மேல ஒரு ரேடியோ ஒரு ஃப்ரீக்வென்சியில கேட்டு, அதே நொடியில 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு ஃப்ரீக்வென்சியில திருப்பி அனுப்பினா நாமக்கல்ல நிக்கிறவரும் துறையூர்ல நிக்கிறவரும் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி பேசலாம். அதுக்குப் பேருதான் ரிப்பீட்டர். எங்களுக்கு இதுல ஒரு காரணம் இருக்கு. காரவள்ளியிலருந்து மேல ஏறுற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்துல பாறை உருண்டாலோ மரம் சாஞ்சாலோ நடுவுல மாட்டுனவங்களுக்குப் பல வளைவுல போன் சிக்னலே இருக்காது. ஆடி 18 சமயத்துல ஓரி விழாவுக்குக் கூட்டம் ஏறும்போது இருக்குற சிக்னலும் தெணறும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் செல்போன் டவரெல்லாம் படுத்துட்டு நாள்கணக்குல ஜனங்க தவிச்சதைப் பாத்தோம், அந்த நெனப்பு இன்னும் போகல எனக்கு.

சரி, விசயத்துக்கு வரேன். திருச்சியில ஒரு சீனியர் ஓஎம் (ஹாம்காரங்க ஒருத்தரையொருத்தர் இப்படித்தான் கூப்புடுவோம்) இருக்கார், நாப்பது வருசத்துக்கு மேல ஹாம். அவருகிட்ட சொன்னதும் அவர் கேட்ட மொதக் கேள்வியே, "டவர் எவ்வளவு ஒசரம்னு எனக்கு வேண்டாம் தம்பி, அங்க ரிசீவர் எவ்வளவு கேக்குதுன்னு அளந்தீங்களா?" அப்படின்னுதான். அளக்கல. நாங்க அதுவரைக்கும் பேசுனதெல்லாம் எத்தனை வாட்டு, எந்த ஆன்டெனா, எவ்வளவு ஒசரம் இதுதான். அன்னைக்கு ராத்திரி உக்காந்து ஒரு கணக்குப் போட்டேன். ரேடியோ தொடுவானம் தோராயமா 4.12 பெருக்கல் ஒசரத்தோட வர்க்கமூலம், ஒசரம் மீட்டர்ல, தூரம் கிலோமீட்டர்ல. அந்த எடம் கீழ இருக்குற சமவெளியிலருந்து 1000 மீட்டர் மேலன்னு வெச்சுக்கங்க, 130 கிலோமீட்டர் வருது. டவர்ல 28 மீட்டர் ஏத்திக் கட்டினா 132. அவ்வளவேதான், ரெண்டு கிலோமீட்டர் கூட முழுசா வரல. சமவெளியில 28 மீட்டர்னா அது தங்கம், மலை உச்சியில அந்த 28 மீட்டர் செய்யறது சில்வர் ஓக் மரத்துக்கு மேல ஆன்டெனாவைத் தூக்குறது, பக்கத்துல இருக்குற மேட்டைத் தாண்டி எட்டிப் பாக்குறது, இந்த ரெண்டுதான். இதை நான் மொதல்லயே போட்டுப் பாத்திருக்கணும்.

பிப்ரவரியில மொத ஏத்தம். சர்வீஸ் கடை வெச்சிருக்குற நண்பர்கிட்ட ஒரு பழைய சர்வீஸ் மானிட்டர் இருந்துச்சு, சிக்னல் ஜெனரேட்டரும், எரைச்சலுக்கு மேல பேச்சு எவ்வளவு தெளிவா இருக்குன்னு காட்டுற சினாட் மீட்டரும் அதுக்குள்ளயே இருக்கும், அதைத் துணியில சுத்தி மடியில வெச்சுக்கிட்டு 70 வளைவும் ஏறினோம். ஏறுறதுக்கு டவர் வேலை தெரிஞ்ச தம்பி ஒருத்தரைக் கூலிக்குக் கூட்டிட்டுப் போனோம், ஃபுல் பாடி ஹார்னஸ், ரெண்டு கொக்கி, ஒண்ணு மாட்டாம இன்னொண்ணைக் கழட்டக் கூடாது. எங்கள்ல யாரும் ஏற மாட்டோம்னு ஆரம்பத்துலயே பேசி வெச்சுக்கிட்டோம், ஆர்வம் இருக்குன்னு ஏறக் கூடாத எடம் அது.

அளந்த விதம் இப்படி. மொதல்ல ரிசீவர்ல ஆன்டெனாவுக்குப் பதிலா வெளி எரைச்சல் எதையும் வாங்காத டம்மி லோடு மாட்டி, டைரக்‌ஷனல் கப்ளர் வழியா ஜெனரேட்டர்ல இருந்து சிக்னலைக் கொறச்சுக்கிட்டே வந்து 12 டிபி சினாட், அதாவது பேச்சு ஓரளவு புரியற அளவு, எங்க வருதுன்னு குறிச்சோம், மைனஸ் 119 டிபிஎம் (மைனஸுக்கு அப்பறம் நம்பர் பெரிசாக பெரிசாக சன்னமான சிக்னலும் கேக்குதுன்னு அர்த்தம்), அதாவது கால் மைக்ரோவோல்ட், ரிசீவர் ஆரோக்கியமா இருக்கு. அப்பறம் டம்மி லோடைக் கழட்டிட்டு 28 மீட்டர்ல கட்டின ஒத்தை ஃபோல்டட் டைபோல் ஆன்டெனாவை மாட்டினோம், வேற எதையும் தொடல. இப்ப அதே 12 டிபிக்கு மைனஸ் 108 வேணும்னு நிக்குது. 11 டிபி போச்சு. ஸ்பீக்கர்ல எரைச்சலை அமுக்கி வெக்கிற ஸ்க்வெல்ச்சைத் தொறந்து கேட்டா சாதாரண காத்து இரைச்சல் இல்ல, உள்ள ஒரு கரகரப்பு, சைக்கிள் செயின் ஓடுற மாதிரி.

கேபிள் பழசோ, கனெக்டர்ல தண்ணியோன்னு ரெண்டு மணி நேரம் அதைத் தேடுனோம், கேபிள், ஆன்டெனாவைச் சோதிக்கிற நானோவிஎன்ஏங்கற சின்னக் கருவி வெச்சுப் பாத்தா எல்லாம் சுத்தமா இருக்கு. திரும்ப வந்து, ராத்திரியில எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு ரெண்டு வாரம் கழிச்சுத் தங்குற மாதிரி போனோம். ராத்திரி எட்டு மணிக்கு அளந்தா மைனஸ் 106. பகலை விட ராத்திரி 2 டிபி மோசம். பகல்ல வண்டி, மோட்டார்னு எல்லாம் ஓடும், ராத்திரிதான் அமைதியா இருக்கணும், இது தலைகீழா இருக்கேன்னு ஒண்ணும் புரியல.

ஓனர்கிட்ட கேட்டேன், "அண்ணா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு இருவது நிமிசம் இன்டர்நெட்டை மொத்தமா ஆஃப் பண்ணித் தர முடியுங்களா?" மனுசன் ஒரு வார்த்தை மறுப்பு சொல்லல, "யாரு முழிச்சிருக்கப் போறாங்க, பண்ணிக்கலாமுங்க சார்"னு அவரே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வந்து நின்னார். டிஷ்ஷுக்கெல்லாம் நெட்டும் கரண்டும் பிரிச்சுக் குடுக்குற ஸ்விட்ச் பாக்ஸை ஆஃப் பண்ணினோம். மைனஸ் 110 வந்துச்சு. நாலு டிபி நல்லாயிருக்கு, ஆனா நான் எதிர்பாத்தது 117, 118. இன்டர்நெட்டே இல்லாதப்ப இன்னும் எது கத்துதுன்னு நிமிந்து பாத்தப்பதான் உச்சியில சிவப்பு விளக்கு கண்ணுல பட்டுச்சு. எல்ஈடி விளக்கு, இருட்டினா தானா எரியும். அதோட ஃபியூஸைப் பிடுங்குன அடுத்த நொடி ஸ்பீக்கர்ல கரகரப்பு செத்துப் போய் வெறும் மெல்லிசான காத்து இரைச்சல் மட்டும், மீட்டர்ல மைனஸ் 117. அந்தக் குளிர்ல நாங்க நாலு பேரும் ஒண்ணும் பேசாம அந்த இரைச்சலையே கேட்டுக்கிட்டு நின்னோம். அந்த மலை எவ்வளவு அமைதியான எடம்னு அப்பத்தான் தெரிஞ்சுது, ஒலகத்துல எந்த ஹாமும் ஆசைப்படுற அமைதி.

விளக்குக்குள்ள இருக்குற மலிவான டிரைவர் சர்க்யூட்தான் ஒரு குத்தவாளி, அதை மாத்திடலாம், சின்ன செலவு. இன்னொண்ணுதான் பெரிசு. ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் கீழருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் போகுது, டேட்டாவும் கரண்டும் அதுலயே போகும், பிஓஈன்னு சொல்வாங்க. ஷீல்டு, அதாவது எரைச்சலைத் தடுக்குற உலோக உறை இல்லாத கேபிள், ஆறு ஓடுது, ஒவ்வொண்ணும் 30 மீட்டர் கிட்ட, அடி முதல் நுனி வரைக்கும் டவரை ஒட்டியே. அந்த ஸ்விட்ச்சோட எரைச்சல் 145 மெகாஹெர்ட்ஸ்ல அந்த ஆறு கேபிள்லயும் ஆன்டெனா மாதிரி வெளிய வருது. அதனால ஆன்டெனாவை எறக்கிக் கட்டலாம்ங்கற யோசனையும் செல்லாது, 12 மீட்டர்ல வெச்சும் பாத்தாச்சு, ஒரே கதைதான். கேபிள்ல ஏறுற எரைச்சலை அமுக்குற ஃபெரைட் கிளிப் வாங்கி ஆறுலயும் மேல ரெண்டு கீழ ரெண்டு மாட்டினோம், 3 டிபி கொறஞ்சுது. விளக்கையும் மாத்தினப்பறம் கடைசியா நின்னது மைனஸ் 110.5.

டம்மி லோடுல வந்த 119க்கும் இதுக்கும் 8.5 டிபி வித்தியாசம், கேக்க சின்ன நம்பர் மாதிரி இருக்கும். ஏழு மடங்கு அது. வெளி எரைச்சலே இல்லாத எடத்துல 5 வாட் ஹேண்டி வேலை செய்யற தூரத்துக்கு இங்க 35 வாட் வேணும், ரோட்டோரமா நிக்கிறவன் கையில 35 வாட் எங்கருந்து வரும்? நம்ம ரிப்பீட்டர் பேசுறது 100 கிலோமீட்டருக்குக் கேக்கும், பதில் சொல்றவனை அதுக்குக் கேக்காது. இந்த மாதிரி ரிப்பீட்டரை ஹாம்காரங்க முதலைன்னு சொல்வாங்க, பெரிய வாய், காது சின்னது. ஆபத்துல இருக்குறவன் கூப்புட்டுக்கிட்டே இருப்பான், ரிப்பீட்டர் சும்மா இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே டவர் வேண்டாம்ங்கற எண்ணம் எனக்கு வந்துடுச்சு, ஆனா குரூப்புல பாதிப் பேருக்கு மனசு வரல, ஷீல்டு கேபிள் மாத்தச் சொல்லலாமேன்னாங்க. 180 மீட்டர் கேபிள், ஆறு டிஷ், நூத்துக்கணக்கான வீட்டு இன்டர்நெட், அது அவரோட பொழப்பு, அதுல நாம கை வெக்கச் சொல்லிக் கேக்குறது சரியில்லன்னு எனக்குப் பட்டுச்சு.

மார்ச்ல டவரோட ஒடம்பைப் பாத்தோம். ரிப்பீட்டர்ல ஒரே ஆன்டெனாவுல 20 வாட் வெளிய போய்க்கிட்டே இருக்கும்போது 600 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல கால் மைக்ரோவோல்ட்டைக் கேக்கணும், போறதையும் வர்றதையும் பிரிக்கிற அதுக்காகத்தான் டூப்ளெக்சர்னு ஆறு கேவிட்டி டப்பா. 85, 90 டிபி பிரிச்சுக் குடுக்கணும். நானோவிஎன்ஏவால அவ்வளவு ஆழம் பாக்க முடியாது, அதனால ஒவ்வொரு கேவிட்டியா தனியா ட்யூன் பண்ணித்தான் சேத்தோம், அதுவே ரெண்டு ஞாயித்துக்கிழமை. ரிப்பீட்டர் ஓட்ட, ரேடியோ லைசென்ஸ் குடுக்குற மத்திய அரசு பிரிவான டபிள்யூபிசி அனுமதி தனியா வாங்கணும், அது வராம ஓட்டக் கூடாது, அதனால கால்சைன் (லைசென்ஸ்ல வர்ற அடையாளப் பேரு) சொல்லிட்டு அரை அரை நிமிசம் கையால பட்டனை அமுக்கி கேரியர், அதாவது பேச்சில்லாத வெறும் சிக்னல் விட்டு, அந்த நேரத்துல ரிசீவர் என்ன பண்ணுதுன்னு மட்டும் பாத்தோம். டம்மி லோடுல ஒரு டிபி கூட மாறல. ஆன்டெனாவுல விட்டதும் ரிசீவர்ல அப்பளம் நொறுங்குற சத்தம். காத்து வீசும்போது அதிகமாகுது, நின்னா கொறையுது. மேல இருந்த தம்பிகிட்ட குறுக்குப் பட்டையை ஆட்டிப் பாருப்பான்னு சொன்னோம், அவன் ஆட்ட ஆட்ட இங்க நொறுங்குது.

துருதான். துருப்பிடிச்ச போல்ட் மூட்டு ரெண்டு இரும்புக்கு நடுவுல டையோடு மாதிரி வேலை செய்யும், பக்கத்துல ரேடியோ பவர் பாஞ்சா அதைக் கலக்கிப் புதுசா எரைச்சலை உண்டாக்கி விடும். அந்தத் தம்பி எறங்கி வந்து சொன்னது இன்னும் கவலையா இருந்துச்சு, "சார், ரெண்டு பட்டை இல்லவே இல்ல, 18 மீட்டர் கிட்ட மூணு போல்ட்டு கையாலயே சுத்துது." காத்து அழுத்தம் கணக்கு ஐஎஸ் 875ங்கற இந்தியத் தர விதியில இருக்கு, வேகத்தோட வர்க்கத்தை 0.6ஆல பெருக்கினா சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன்னு வரும். நொடிக்கு 47 மீட்டர் வேகம்னு வெச்சா 1325 நியூட்டன், அதாவது 135 கிலோ. நாங்க வெக்க நெனச்ச நாலு டைபோல் ஆன்டெனா கம்பி கிளாம்ப் எல்லாம் சேத்து 0.3 சதுர மீட்டர்னா 40 கிலோ இழுப்பு. மலை முகட்டுல காத்து இன்னும் வேகமாகும், அதுக்குன்னே 1.36 வரைக்கும் ஒரு காரணி இருக்கு, வர்க்கம் எடுத்தா 40 கிலோ 74 ஆயிடும். உச்சியில 74 கிலோவைக் கூடுதலா இழுக்க விடுற அளவுக்கு அந்த டவர் இல்ல. இதை எழுதி ஓனருக்கும் குடுத்தோம், நம்ம வேலைக்காக இல்ல, அதுக்குக் கீழ அவரு வேலையாள் தெனமும் உக்காந்து வேலை பாக்குறாங்க. ஏப்ரல்லயே அவர் பட்டை போட்டு போல்ட் மாத்திட்டார், இந்த மூணு மாசத்துல எனக்கு ரொம்ப திருப்தி குடுத்த விசயம் அதுதான்.

எர்த் பாத்தோம், 34 ஓம், இது கொறைய கொறையத்தான் நல்லது. பாறை மண்ணு, பிப்ரவரி மார்ச்ல காஞ்சு கெடக்கும், அதோட எர்த் பட்டையில ஒரு எடத்துல அறுபட்டிருக்கு. உள்மாவட்டத்துல சித்திரை வைகாசி கோடை மழையில விழற இடி ஐப்பசி மழையை விட மோசம், கேபிளுக்கு எவ்வளவு நல்ல அரெஸ்டர் (மின்னல் தடுப்பான்) போட்டாலும் அது தள்ளி விடுற கரண்ட் எறங்க எர்த் இருக்கணும்ல.

இப்ப இன்னொரு எடம். டவர்லருந்து 350 மீட்டர் தள்ளி, மலையோட மேக்கு ஓரத்துல, எங்க குரூப்புல ஒருத்தரோட பெரியப்பா வீடு, காபி மிளகுத் தோட்டம், மாடியில தண்ணித் தொட்டி. அங்க ஒரு 12 மீட்டர் ஜிஐ பைப்பை ஸ்டே கம்பி போட்டு நிறுத்தி அதே டைபோலை ஏத்தினோம். பகல்ல மைனஸ் 116. எந்த ஃபெரைட்டும் இல்லாம, எதையும் அணைக்காம. பெரியப்பா வீட்டு டிவி, மோட்டார் எல்லாம் போட்டுப் பாத்தும் 116தான். கேபிளும் கொறவு, டவர்ல 40 மீட்டர் ஓட்டணும், ஆர்ஜி 213ங்கற சாதாரண ஆன்டெனா கேபிள்னா 3.5 டிபி, பாதிக்கு மேல கேபிள்லயே போயிடும், அரை இஞ்ச் ஹார்ட்லைன்னு சொல்ற கனமான கேபிள் போட்டாத்தான் 1.1க்கு வரும், அது காசு. இங்க 18 மீட்டர் போதும்.

ரெண்டையும் ஒப்பிடணும்ல, அதனால ஒரு நாள் முழுக்க வண்டியெடுத்து சுத்தினோம், ஒருத்தர் ஹேண்டியோட, மேல ரெண்டு எடத்துலயும் ஆள் உக்காந்து ஒரே நேரத்துல கேட்டு எழுதினோம். நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல டவருக்குப் பாதி வார்த்தைதான் கேட்டுச்சு, பைப்புக்கு முழுசா. முசிறியில டவருக்கு ஒண்ணும் இல்ல, பைப்புக்கு எரைச்சலோட ஆனா புரியற மாதிரி. துறையூர் ரெண்டுக்கும் நல்லா இருந்துச்சு. சேலம் ரெண்டுக்கும் இல்ல, போதமலை குறுக்க நிக்குது, அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. இதெல்லாம் நெனச்ச மாதிரிதான். ஆனா 70 வளைவு ரோட்டுல ஏறி வரும்போதுதான் எனக்கு நெஞ்சு அடைச்சுது. கீழருந்து எண்ணி 26லருந்து 29 வரைக்கும் பைப்புல ஒண்ணுமே கேக்கல, எரைச்சலோட இருந்தாலும் டவருக்கு அந்த எடம் கேட்டுச்சு, 28 மீட்டர்லருந்து முகட்டைத் தாண்டி எட்டிப் பாக்குது அது. எந்த ரோட்டுக்காக இதை ஆரம்பிச்சோமோ அதே ரோட்டுல டவர் ஜெயிக்குது.

இதுல ரெண்டு வாரம் பேச்சு. ஒருத்தர் கோவமா "அந்த நாலு வளைவுல ஒருத்தன் மாட்டினா?"ன்னு கேட்டார், ஞாயமான கேள்வி. திரும்பப் போய் பைப்பை 15 மீட்டராக்கி, தொட்டியிலருந்து எடுத்து தோட்டத்தோட மேக்கு வரப்புக்கே கொண்டு போனோம், முகடு அங்க செங்குத்தா எறங்குது. 26ம் 29ம் தொறந்துடுச்சு, 27, 28 மட்டும் பாக்கி. நாலு டைபோல் ஆன்டெனா வேண்டாம், ரெண்டே போதும்னும் அன்னைக்குத்தான் முடிவாச்சு. ஏன்னா நாலு அடுக்கோட வீச்சு மேலயும் கீழயும் ஒடுங்கிப் போய் தொடுவானத்தைப் பாத்து நேரா போகும், காரவள்ளி ஆறு கிலோமீட்டர்ல ஆயிரம் மீட்டர் கீழ இருக்குன்னா அதுவே கிட்டத்தட்ட 9.5 டிகிரி கீழ்நோக்கி, வளைவுங்க இன்னும் செங்குத்து, வீச்சு அதுங்க தலைக்கு மேல தாண்டிப் போயிடும். ரெண்டு அடுக்குன்னா தூரத்துல 3 டிபி போகும், மலைச்சரிவு கெடைக்கும். எங்களுக்கு அதான் வேணும்.

அப்பறம் சாவி. டவர் ரூமுக்குப் பூட்டு, ராத்திரி ஒரு மணிக்கு புயல்ல ரிப்பீட்டர் நின்னா யாரை எழுப்புறது, டவரை நாளைக்கு வேற கம்பெனி வாங்கிட்டா நம்ம ஆன்டெனா கதி என்ன, அங்க இருக்குற யூபிஎஸ் நாலு மணி நேரம்தான் தாங்கும், அதுலயும் நம்மளும் தொங்கணுமா. பெரியப்பா வீட்டுல ஆள் எப்பவும் இருக்காங்க, சோலார் வெக்க எடம் இருக்கு. சும்மா இருக்கும்போது 0.6 ஆம்பியர், ஒரு நாளைக்கு 14.4 ஆம்பியர் ஹவர், பேசும்போது 7 ஆம்பியர், மூணு மணி நேரம் பேசினா 21, ஆக 35. 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரியில 80 எடுத்தா வெயிலே இல்லாம ரெண்டு நாளைக்கு மேல ஓடும்.

ஏப்ரல் கடைசியில ஓனரைப் பாத்து நேர்லயே சொன்னோம், அண்ணா, உங்க டவர்ல வெக்கல, காரணம் இதுன்னு நோட்டைக் காட்டினேன். அவர் நம்பரெல்லாம் பாத்துட்டு, "அந்த ஓசைக்குக் காரணம் என் வயருதானுங்களா, அடுத்த தடவ கேபிள் மாத்தறப்ப நீங்க சொன்ன அந்த ஷீல்டு வயரே போட்டுடறனுங்க"ன்னார். பைப் நிறுத்தக் கான்கிரீட் குழி தோண்ட ரெண்டு ஆளும் அவர்தான் அனுப்பி வெச்சார்.

இப்போதைக்கு நெலம இதுதான்: அனுமதிக்கு விண்ணப்பம் போயிருக்கு. டூப்ளெக்சர் என் வீட்டு மாடியில, வெயில்லயும் குளிர்லயும் ட்யூனிங் நகருதான்னு தெனமும் காலையில ஒரு தடவ மதியம் ஒரு தடவ பாத்து எழுதிக்கிட்டிருக்கேன். தோட்டத்துல புதுசா மூணு எர்த் குழி தோண்டி, ஒண்ணுக்கொண்ணு பட்டை போட்டு இணைச்சதுல 9 ஓமுக்கு வந்துடுச்சு, கோடையில அளந்த நம்பர் அது. 27, 28 வளைவுக்கு அங்க ரோட்டோரமா டீக்கடை வெச்சிருக்குற அக்கா வீட்டு மேல அங்க கேக்குறதைப் பைப்புக்குக் கடத்தி விட ஒரு சின்ன லிங்க் ரேடியோ வெக்க முடியுமான்னு அடுத்த ஞாயிறு போய்ப் பாக்கப் போறோம், சர்வீஸ் மானிட்டரை எடுத்துட்டுத்தான் போறோம்.